திண்ணை யாருடையது?

வெப் பக்கங்களை வச்சிருந்து கேக்கிறவங்களுக்கு அனுப்புற கம்ப்யூட்டர்தான் சர்வர். உலகத்தோட முதல் வெப் சர்வர், 1990-ல செர்ன் இயற்பியல் ஆய்வகத்துல, வெப்பைக் கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ்-லீ வச்சிருந்த கம்ப்யூட்டர். யாரும் தெரியாம ஆஃப் பண்ணிடக் கூடாதேன்னு, 'இது சர்வர், அணைக்காதீங்க'ன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டியிருந்தார். 1993 ஏப்ரல் 30-ல செர்ன் வெப்பைக் காசில்லாம எல்லாருக்கும் திறந்துவிட்டுச்சு. எவர்கிட்டயும் கேக்காம நீங்களும் சர்வர் வைக்கலாம்.

நாம வச்சோமா? வசதியா இருக்குன்னு ஃபேஸ்புக் மாதிரி நாலஞ்சு கம்பெனித் திண்ணையில போய் உக்காந்துட்டோம். 2014 செப்டம்பர் 30-ல கூகுளோட ஆர்குட் சமூக வலைதளத்தை மூடினாங்க. எடுத்து வைக்காதவங்களுக்கு நண்பர்கள் எழுதின ஸ்க்ராப், டெஸ்டிமோனியல் எல்லாம் காலி.

இந்தக் கடுப்புலதான் மாஸ்டடான் மாதிரி சமூக வலைதளங்கள் வந்துச்சு (2016). ஒரே கம்பெனி கிடையாது, ஆளாளுக்குச் சர்வர் நடத்துறாங்க. ஜிமெயில்லேருந்து யாஹூவுக்கு மெயில் போகுதில்ல, அப்படி ஒரு சர்வர்ல இருக்கிறவர் இன்னொரு சர்வர்ல இருக்கிறவரை ஃபாலோ பண்ணலாம். நடுவுல ஆக்டிவிட்டிபப்னு ஒரு பொது நெறிமுறை, 2018-ல வெப் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அங்கீகரிச்சது. சர்வர் பிடிக்கலையா, ஃபாலோயர்களோட வேற சர்வருக்குக் கிளம்பலாம். பழைய பதிவுகள் மட்டும் கூட வராது, அது எனக்குப் பெரிய குறைதான். நிறைய சர்வர் கைக்காசுலயும் நன்கொடையிலயும்தான் ஓடுது. நடத்துறவர் சலிச்சுட்டா அதுவும் மூடிடும்.

இதையும் ஃபேஸ்புக்லதான் எழுதுறேன். என்ன பண்றது, அத்தை சித்தப்பா எல்லாம் இங்கதானே இருக்காங்க!