கிணறு உள்ள வீடு

ஜனவரி 11, 2024
போய்ப் பார்த்த வீட்டின் வீட்டுக்காரர் இன்னும் போன் பண்ணவில்லை. "ரெண்டு நாளில சொல்லுறன்" என்றவர். இன்று நான்காம் நாள்.

ஜனவரி 13
அந்த வீடு பிடித்ததே கிணற்றால்தான். வாளி விட்டு அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர். அப்போதுதான் கேட்டார், "தம்பிக்குச் சொந்த இடம் எது?" சொன்னேன். "அதில எந்தப் பக்கம்? கோயிலடியோ, அங்கால வயல்கரையோ?" அதையும் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்.
அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஜனவரி 14
மழை. சர்க்கரை, பயறு, கஜு, பிளம்ஸ் வாங்கினேன். போன் இல்லை.

ஜனவரி 15, பொங்கல்
பால் கிழக்கே வழிந்தது. "வீடு சரிவரும்" என்றார் அம்மா.
நியூ ஜேர்சி அண்ணா எடுத்தார். அங்கும் லீவாம், மார்ட்டின் லூதர் கிங் நாள். ஜனவரி மூன்றாம் திங்கள்தான் விடுமுறை. இம்முறை அது கிங் பிறந்த 15ஆம் திகதியிலேயே விழுந்திருக்கிறது. கிங் சுடப்பட்டது 1968 ஏப்ரல் 4. நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் கையெழுத்திட்டது 11ஆம் திகதி. ஒரு கிழமை! பிறகு எல்லாரும் வீடு கொடுத்தார்களா என்று கேட்டேன். "போனில குரலைக் கேட்டே வீடு போயிட்டுது எண்டுவினம்" என்றார்.
1968 என்றதும் அம்மா அகப்பையை வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், எங்கள் ஆட்களையும் உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்த வருசம். அப்புவும் போய் இருந்தவர். பொது இடத்தில் சாதி சொல்லி மறிப்பது குற்றம் என்று இலங்கையில் 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் உள்ளே விடக்கூடாது என்று முன்னுக்கு நின்றவர் சி. சுந்தரலிங்கம், முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர். படிப்பு!
அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோயிலைவிடக் கிணற்றடிதான் ஞாபகம். யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும், கப்பிக் கயிற்றைத் தொடக்கூடாது. "கோயில் திருவிழாவுக்குத்தான் மோனை. தண்ணி ஒவ்வொரு நாளும்."
இன்று கோயிலுக்குள் போகிறோம். தேநீர்க் கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ். சின்ன விசயமில்லை, அப்பு அதற்கு அடி வாங்கியவர்.

ஜனவரி 16
பக்கத்து வீட்டு மாட்டுக்கு மாலை. எனக்கு எரிச்சல்.

ஜனவரி 18
எடுத்தார். "சொந்தக்காரர் ஒராளுக்குக் குடுத்தாச்சு தம்பி, குறை நினையாதேங்கோ." எவ்வளவு மரியாதையான குரல். இரவு பார்த்தேன், விளம்பரம் அப்படியே கிடக்கிறது.

ஜனவரி 19
அந்தக் கிணற்றுத் தண்ணீர் உவரா என்று அம்மா கேட்கிறார். இல்லை, நல்ல தண்ணீர் என்றேன்.