250 கோடி பைட்டு கேட்டேன், மாலாக் கையை விரித்தது

ஸ்கேன் செய்த வரைபடங்களைச் சுழற்றித் தர ஒரு சின்ன சி நிரல் எழுதி வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் அகலமும் உயரமும் 25,000 பிக்சல் உள்ள கோப்பைக் கொடுத்ததும் நினைவகம் கேட்டு வாங்கும் மாலாக் (malloc), 'கிடைக்கவில்லை' என்று பொருள்படும் நல் (NULL) மதிப்பைத் திருப்பி அனுப்பியது. கணினியில் 16 ஜிபி ராம், அதில் 11 ஜிபி சும்மா கிடக்கிறது!

பழியை முதலில் லினக்ஸ் மேல்தான் போட்டேன். ஒரு நிரல் எவ்வளவு எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் யூலிமிட்டில் (ulimit) வரம்பு எதுவும் இல்லை. இருப்பதைவிட அதிக நினைவகம் தர ஒப்புக்கொள்ளலாமா என்று முடிவு செய்யும் ஓவர்கமிட் அமைப்பைப் புரட்டியதில் அரை நாள் போனது. வாங்கிய நினைவகம் எங்காவது ஒழுகுகிறதா பார்ப்போம் என்று, நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டில் (Valgrind) ஓட்டினேன். மாலாக்குக்குக் கொடுத்த அளவு 'ஃபிஷி'யாக, அதாவது சந்தேகப்படும்படி, இருக்கிறது (நிஜமாகவே 'ஃபிஷி' என்றுதான் போடுகிறது) என்று சொல்லி, ஓர் எண்ணையும் காட்டியது: -1794967296.

அகலம், உயரம் இரண்டும் இன்ட் (int) என்ற முழு எண் வகை. பிக்சலுக்கு 4 பைட்டு. பெருக்கினால் 250 கோடி. ஆனால் இன்ட் தாங்குவது 2,147,483,647 வரைதான். அதைத் தாண்டியதும் மைனஸில் போய் விழுந்திருக்கிறது. மாலாக் வாங்குவதோ மைனஸே இல்லாத சைஸ்_டி (size_t) என்ற எண் வகை. அதன் கண்ணுக்கு நான் கேட்டது 18446744071914584320 பைட்டு. யார் கொடுப்பார்கள்?

மொத்தப் பெருக்கலையும் அடைப்புக்குள் போட்டு, முன்னால் சைஸ்_டி என்று காஸ்ட் செய்தேன், அதாவது எண்ணின் வகையை மாற்றினேன். அதே பிழை. இன்ட்டாகவே பெருக்கிக் கெட்டுப்போன பிறகு மாற்றி என்ன பயன்? காஸ்ட்டை அகலத்துக்கு மட்டும் போட்டதும் மாலாக் வழிக்கு வந்தது. அப்புறம் படத்தில் முக்கால்வாசிக்கு மேல் போய், தனக்கில்லாத நினைவகத்தைத் தொட்டதால் செக்மென்டேஷன் ஃபால்ட்! பிக்சல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் வரியிலும் இன்ட்.

சும்மா பார்ப்போமே என்று பழைய நிரலுக்கு 40,000 × 30,000 படத்தைக் கொடுத்தேன். வேண்டியது 480 கோடி பைட்டு. சுற்றி வந்து நின்ற எண் 505032704. மைனஸ் இல்லை, அதனால் மாலாக் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டது. நிரல் அந்த எல்லையைத் தாண்டி எழுதிக்கொண்டே போய், சம்பந்தமில்லாத ஒரு லூப்பில் செத்தது. அதைத் தேடியிருந்தால் ஒரு வாரம் போயிருக்கும். நல் வந்தது என் நல்ல காலம்.

ஜிசிசி (GCC) கம்பைலரின் -Wall எச்சரிக்கைகளை எப்போதும் போட்டுத்தான் கம்பைல் செய்கிறேன்; அது இதைப் பற்றி மூச்சே விடவில்லை. இப்படிப்பட்ட பிழைகளை நிரல் ஓடும்போதே பிடிக்கும் யூபிசான் (UBSan) சேர்த்து ஓட்டியதும் வரி எண்ணோடு இன்னும் மூன்று இடங்களைக் காட்டியது. அதில் ஒன்று நான் எழுதியதாகவே ஞாபகம் இல்லை.