கடைக்காரர் நீட்டும் தாளில் எந்த வரியை அடிப்பது?

செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் புளியரை தாண்டி, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கேரளத்துப் புனலூர் போய் மெஷின் வாங்கி வருவது சாதாரணம். பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பாலக்காடு, கம்பத்துக்காரர்களுக்குக் குமுளி. ரப்பரும் தென்னையும் உள்ள ஊர்களில் புல்வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் செயின்சா, டிஸ்க் சுழன்று இரும்பு அறுக்கும் ஏஜி ஃபோர் என்ற 4 இஞ்சு கை கிரைண்டர் எல்லாம் நிறைய விற்கும். பில் போட்ட கையோடு சில கடைகளில் ஒரு தாளையும் நீட்டுகிறார்கள். முழுக்க மலையாளம். கீழே பெயர், தேதி, கையெழுத்துக்கு மூன்று கோடுகள். என்னவென்று கேட்டால், "கடைக்கு உத்தரவாதித்தம் இல்லா, ஒரு ஒப்பு இட்டா மதி" என்பார் கடைக்காரர்.

நம் ஆள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அவர் காதில் விழுந்தது ‘உத்தரவாதம் இல்லை’, அதாவது கேரண்டி கிடையாது என்பது. மலையாளத்தில் உத்தரவாதித்தம் என்றால் பொறுப்பு. கேரண்டிக்கு அவர்கள் கேரண்டி என்றோ உறப்பு என்றோதான் சொல்வார்கள். ஆக அந்தத் தாள் சொல்வது, ‘இந்த மெஷினால் உங்களுக்கு என்ன ஆனாலும் கடை பொறுப்பல்ல’ என்று. இரண்டும் வேறு வேறு விஷயம். மோட்டார் புகைந்தால் மாற்றித் தருவார்களா என்பது ஒன்று. டிஸ்க் வெடித்துக் கண் போனால் யார் பதில் சொல்வது என்பது இன்னொன்று.

அந்தப் ‘பொறுப்பல்ல’ வரியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அடிபட்ட பிறகு, "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேனே, இனி என்ன கேட்க முடியும்" என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாளில் மிகவும் பலவீனமான வரி அதுதான். நம்மைக் கட்டிப்போடுவது அதற்கு மேலே சாதுவாக உட்கார்ந்திருக்கும் வேறு வரிகள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறாவது அத்தியாயம் முழுவதும், குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியாகப் பயன்படுத்தும் முறையையோ ஆபத்தையோ போதுமான அளவு சொல்லாதது, இவற்றுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 84-ஆம் பிரிவு. விற்றவருக்கு 86-ஆம் பிரிவு. சட்டம் சுமத்திய இந்தப் பொறுப்பைக் கடையில் அச்சடித்த ஒரு தாள் கழற்றிவிடாது. சட்டத்தின் நோக்கத்தையே தோற்கடிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொருள் இன்ன வேலைக்கு ஏற்றது என்பது போன்ற எழுதாத உறுதிகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ள 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. பழைய மெஷினை ‘இருக்கிறபடியே’ என்று எழுதி வாங்கினால், இழுவை போதவில்லை, சூடாகிறது என்று பிறகு கேட்பது கஷ்டம். அந்த அளவுக்குத் தாளுக்குப் பலம் உண்டு. கை கால் போகும் விஷயத்துக்கு அது நீளாது.

இனி 86-ஆம் பிரிவு. தான் தயாரிக்காத பொருளை விற்ற கடைக்காரர் எப்போது மாட்டுவார் என்பதை அது வரிசையாகச் சொல்கிறது. அதில் மூன்று நம் எல்லையோரக் கடைகளுக்கு அப்படியே பொருந்தும்.

முதலாவது, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால், விற்றவரே பொறுப்பு. பெயர் தெரியாத 58 சிசி செயின்சா, பிராண்டே இல்லாத கிரைண்டர் எல்லாம் இதில் வரும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு, இவ்வளவும் பெட்டி மேல் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த மெஷினுக்குப் பின்னால் அந்தக் கடையைத் தவிர வேறு ஆள் இல்லை. பெட்டியின் ஆறு பக்கத்தையும் கடையிலேயே போட்டோ எடுத்து வையுங்கள். அட்டைப் பெட்டியை எரித்துவிட்டால் பிறகு இதை நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, விற்றவரே பொருளில் மாற்றம் செய்து, அந்த மாற்றம் விபத்துக்கு முக்கியக் காரணமானால் அவர் பொறுப்பு. மூன்றாவது, மெஷினைப் பூட்டிக் கொடுப்பதிலும் சோதித்துக் கொடுப்பதிலும் கவனக்குறைவு இருந்து, அல்லது தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனால் விபத்து நேர்ந்தால் பொறுப்பு.

இவை கடையில் எப்படி நடக்கும் என்பதற்கு கிரைண்டரையே எடுத்துக்கொள்ளலாம். 4 இஞ்சு கிரைண்டர் லோடு இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதற்கான 100 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்கின் மேல் 15,300 வரை தாங்கும் என்றும், ஓரத்தின் வேகம் நொடிக்கு 80 மீட்டர் என்றும் அச்சடித்திருக்கும். 180 மில்லிமீட்டர் டிஸ்க் 8,500-க்கு மேல் தாங்காது. "பெரிசா ஒண்ணு போட்டுத் தாங்க" என்று கேட்டதும் கார்டை, அதாவது டிஸ்கை மூடும் தடுப்பை, கழற்றிவிட்டு அதை இந்தச் சின்ன மெஷினில் பூட்டித் தந்தால், அதன் ஓரம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டி ஓடும். தெறித்து வரும் துண்டைத் தடுக்க கார்டும் இல்லை. டிஸ்கின் நடுத்துளையைச் சுற்றி உள்ள தகர வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. பிசின் வைத்து ஒட்டிய டிஸ்க் மழைக்கால ஈரத்தில் கிடந்தால் பலம் குறையும். மலையோரக் கடைகளில் ரேக்கின் அடியில் கிடக்கும் பழைய டிஸ்க் தலையில் கட்டப்படுவது உண்டு.

இதைவிட மோசம், மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது. பெரும்பாலான கிரைண்டர் கையேடுகளில் பல் பிளேடும் செயினும் மாட்டாதே என்று தெளிவாக எழுதியிருக்கும். பல் மரத்தில் கவ்வியதும் மெஷின் துள்ளி முகத்துக்கோ கழுத்துக்கோ வரும், இரண்டு கையால் பிடித்தாலும் நிற்காது. கிரைண்டரையும் அந்தப் பிளேடையும் ஒரே பில்லில் விற்று, மாட்டியும் தந்து, ஒரு வார்த்தை சொல்லாத கடை 86-ஆம் பிரிவுக்குள் நேராக வந்து நிற்கிறது.

சரி, அப்படியானால் கடை எதைக் காட்டித் தப்பிக்கும்? அந்தத் தாளின் சாதுவான வரிகளைக் காட்டி. ‘கையேடு பெற்றுக்கொண்டேன்’, ‘இயக்கிக் காட்டினார்கள்’, ‘கார்டு, கண்ணாடி உட்பட எல்லாப் பாகங்களும் சரியாக இருந்தன’, ‘வாயிச்சு மனசிலாக்கி’, அதாவது படித்துப் புரிந்துகொண்டேன். இவை உரிமையை விட்டுக்கொடுக்கும் வரிகள் அல்ல, நடந்ததற்குச் சாட்சி சொல்லும் வரிகள். எச்சரிக்கை சேர்க்கப்பட்டது, மெஷின் சோதிக்கப்பட்டது என்று நீங்களே எழுதித் தந்த சாட்சியம். ‘பொறுப்பல்ல’ வரியை நுகர்வோர் ஆணையம் தள்ளிவிடலாம். இந்த வரிகளைத் தள்ள நீங்கள்தான் எதிர்ச் சாட்சி கொண்டுவர வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரியாத ஒருவர் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்பதன் கீழ் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

அதனால் தாளை மறுத்துச் சண்டை போட வேண்டாம். ‘பொறுப்பல்ல’ இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். நடக்காததை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடுங்கள். கையேடு தரவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘கையேடு தரப்படவில்லை’ என்று தமிழிலேயே எழுதுங்கள். மொழி தெரியாவிட்டால், கையெழுத்துக்கு மேல் ‘மலையாளம் வாசிக்கத் தெரியாது, வாய்மொழியாகச் சொல்லக் கேட்டேன்’ என்று ஒரு வரி. கடையிலேயே டிஸ்க் அல்லது பிளேடு பூட்டித் தந்தால், அதன் அளவையும் ‘கடையில் பொருத்தப்பட்டது’ என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் கட்டாயம். தாளை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்த பிறகே திருப்பிக் கொடுங்கள். பில் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால், அந்தக் குறைக்கும் தொகைக்கு நீங்கள் விற்பது உங்கள் வழக்கை.

‘இயக்கிக் காட்டினார்கள்’ என்ற வரி உண்மையாக வேண்டுமென்றால் உண்மையிலேயே இயக்கிப் பாருங்கள். கிரைண்டரில் கார்டு கையால் சுழற்றினால் அசையக்கூடாது. சுவிட்சை அணைத்ததும் மோட்டார் நிற்க வேண்டும். செயின்சாவில் முன் கைத்தடுப்பைத் தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும், ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் செயின் ஓடவே கூடாது. புல்வெட்டும் மெஷினில் இரும்பு பிளேடுக்கு மேல் கார்டு இருக்கிறதா, தோளில் மாட்டும் வார் சட்டென்று கழல்கிறதா பாருங்கள். பிளேடு நட்டு பெரும்பாலும் இடப்பக்க மரை. தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைத் தின்ன வைத்துவிட்டு விற்கும் கடைகளும் உண்டு.

நம் பக்கத்துத் தவறு என்றால் சட்டம் கைகொடுக்காது. விபத்து நேரத்தில் மெஷின் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால், மாற்றப்பட்டிருந்தால், விற்றவர் மேல் இந்த வழக்குப் போட முடியாது என்கிறது 87-ஆம் பிரிவு. வீட்டுக்கு வந்து நீங்களே கார்டைக் கழற்றினால் கதை முடிந்தது. குடித்துவிட்டு ஓட்டியவர், எச்சரிக்கை போதவில்லை என்று தயாரிப்பாளரைக் கேட்க முடியாது. பிளேடு வெட்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்றும் கேட்க முடியாது.

வாடகைக்கு எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். வாடகைக்கு விடுபவரையும் சட்டம் பொதுவாக விற்பவர் கணக்கிலேயே வைக்கிறது. அங்கே ஆபத்தான வரி ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’. கூலியாட்களிடம் இப்படி எழுதி வாங்கும் மேஸ்திரிகளும் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். வேலையில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டைத் தொழிலாளி விட்டுக்கொடுத்து எழுதித் தருவது செல்லாது என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே 17-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது; 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது.

கேரளத்தில் வாங்கியதற்கு அங்கே போய் அலைய வேண்டும் என்பது இன்னொரு தவறான நினைப்பு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 34-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நீங்கள் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 3,000 ரூபாய் கிரைண்டருக்காக எத்தனை லட்சம் இழப்பீடு கேட்டாலும் அப்படித்தான். தச்சரோ வெல்டரோ தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கிய மெஷின் என்றால் அவரும் நுகர்வோர்தான். தாளே அநியாயமானது, அதை ரத்து செய்யுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அநியாய ஒப்பந்தப் புகாரை மாநில ஆணையம்தான் எடுக்கும், மாவட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காயத்துக்கு இழப்பீடு கேளுங்கள். தாளை எதிர்த்தரப்பு காட்டும்போது பதில் சொல்லிக்கொள்ளலாம். கெடு இரண்டு வருடம். சந்தேகத்துக்கு 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

விபத்து நடந்துவிட்டால், மெஷினை யாரும் கழற்ற விடாதீர்கள். "கொண்டாங்க, என்னன்னு பார்த்துத் தர்றோம்" என்று கடை கேட்டாலும் கொடுக்க வேண்டாம். குறை உண்டா என்று பார்க்க ஆணையமே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். உடைந்த டிஸ்கின் துண்டுகளைப் பொறுக்கி, முக்கியமாகத் தேதி பொறித்த அந்தத் தகர வளையத்தை, ஒரு கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், எழுதும்போது ‘மெஷினில் அடிபட்டது’ என்று மட்டும் விடாமல், டிஸ்க் உடைந்து தெறித்ததா, சுவிட்ச் நிற்காமல் ஓடியதா என்பதையும் சொல்லி எழுத வையுங்கள்.