கூறெடுப்புக் கணக்குக்குத் தயாராகிறவர்களுக்கு

பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் கூறெடுப்பு (சிலரை மட்டும் கேட்டு மொத்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வது) பாடத்தில் மாட்டிக்கொண்டவர்கள், டிஎன்பிஎஸ்சி புள்ளியியல் சார்நிலைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது. எனக்கு இந்தப் பகுதி பிடிபட்ட விதத்தைச் சொல்கிறேன்.

பெருக்கி வகுப்பதெல்லாம் சின்ன வேலை. ஒரு கல்லூரியில் 4,000 பேர், அதில் 120 பேரைக் கேட்டதில் 42 பேர் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள் என்றால் 35 சதவீதம், ஆக மொத்தத்தில் 1,400 பேர். இதோடு பேனாவை மூடிவிடுபவர்கள்தான் அதிகம். திட்டப்பிழையை, அதாவது வேறு 120 பேரைக் கேட்டிருந்தால் விடை எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவை, போட்டுப் பாருங்கள்: 0.35-ஐ 0.65-ஆல் பெருக்கி, 120-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.0435. அதை 95 சதவீத நம்பிக்கைக்கான எண்ணான 1.96-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 8.5 சதவீதம், விடை இரண்டு பக்கமும் இவ்வளவு ஆடலாம். அதாவது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான எண் இதற்குள் இருக்கும் என்று நம்பக்கூடிய வரம்பு) 1,060-லிருந்து 1,740 வரை போகிறது. எவ்வளவு அகலம் பார்த்தீர்களா?

1.96-ஆல் பெருக்கி வந்த அந்தப் பிழையைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு, 1-ஐ கூறின் அளவின் (கேட்ட ஆட்களின் எண்ணிக்கையின்) வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 100 பேருக்கு 10 சதவீதம், 400-க்கு 5, 2,500-க்கு 2. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். சதவீதம் 50-க்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாகப் பொருந்தும். 3, 4 சதவீதம் மாதிரி சின்ன எண்களுக்கு இதை நம்பாதீர்கள்.

இந்தச் சூத்திரத்தில் முழுமைத்தொகுதியின் (மொத்தக் கூட்டத்தின்) அளவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நாலு பேர் சாப்பிடும் சாம்பாரானாலும் கல்யாண அண்டாவானாலும் உப்புப் பார்க்க ஒரு கரண்டிதான், நன்றாகக் கலக்கியிருந்தால். கூறு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டும்போது மட்டும் ஒரு திருத்தக் காரணி வரும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கலக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தலை விட நல்ல பாடம் கிடையாது. லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்புக்கான மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது, ஏறக்குறைய 24 லட்சம் திரும்பி வந்தது, அதை வைத்து குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார் என்றார்கள். நடந்ததோ, எதிர் வேட்பாளர் ரூஸ்வெல்ட்டுக்குச் சுமார் 61 சதவீதம். லாண்டனுக்குக் கிடைத்தவை மெயின், வெர்மான்ட் என இரண்டே மாநிலங்கள். நம் குறுக்குவழியில் போட்டால் 24 லட்சத்துக்குப் பிழை 0.1 சதவீதம்கூட இல்லை! முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவிலிருந்தும் எடுத்திருந்தார்கள், பொருளாதார மந்தக் காலத்தில் அவை யாரிடம் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். போதாக்குறைக்கு, சீட்டு கிடைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. அதே தேர்தலில் சுமார் 50,000 பேரை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். திட்டப்பிழை அளப்பது தற்செயலால் வரும் பிழையை மட்டும்தான். ஆளைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள கோணல் அதில் தெரியவே தெரியாது. கோட்பாட்டு வினாக்களில் இந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்கலாம், ஊன்றிப் படியுங்கள்.

அப்புறம், 1,000 பேர் கருத்துக்கணிப்பில் ஒரு கட்சிக்கு 41, இன்னொன்றுக்கு 39 என்றால் யார் முன்னிலை? சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் சுமார் 3 சதவீதம் ஆடும், இடையிலுள்ள வித்தியாசம் அதைவிட அதிகமாக ஆடும். டிவி விவாதம் பார்க்கும்போது இதை நினைத்தால் சிரிப்பு வரும்.

பயிற்சிக்குத் தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று அறிக்கையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதற்கும் ஒரு சதவீதம் சொல்ல சில ஆயிரம் வீடுகளே போதுமென்றால் 6,36,699 வீடுகளுக்கு ஏன் போனார்கள்? 707 மாவட்டங்களுக்கும் தனித்தனியே எண் வேண்டும் என்பதால். வகுத்துப் பாருங்கள், மாவட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 900 வீடு, பிழை 3 சதவீதத்துக்குச் சற்று மேல். வீடுகளைக் கொத்துக் கொத்தாக எடுப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் மாவட்டத்தின் தகவல் அட்டையில் சதவீதமாகக் கொடுத்த ஏதாவது நாலு எண்களை எடுத்து நம்பிக்கை இடைவெளி போட்டுப் பழகுங்கள். சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சிலவற்றில் எண்ணே இல்லாமல் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும்; கேட்ட ஆட்கள் மிகக் குறைவு என்று அர்த்தம், அவற்றை விட்டுவிடுங்கள்.