அந்த டிக் டிக் சத்தம்

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வண்டி 2001 ஹோண்டா சிட்டி விடெக்: 1.5 லிட்டர், ஒற்றை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), 16 வால்வு. நேர்ப்பாதையில் மூன்றாவது கியரில் சிவப்புக் கோடு வரை இழுத்துவிட்டு நான்காவதுக்குப் போன கை, இரண்டாவதில் போய் விழுந்தது. கிளட்சை விட்டதும் இஞ்சின் ஒரு கத்து கத்தியது. உடனே கிளட்சைத் திரும்ப மிதித்துவிட்டேன். ஒரு விநாடிகூட இருக்காது.

"லிமிட்டர் இருக்குதல்ல, ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான் கூட வந்த நண்பன். லிமிட்டர் இஞ்சின் தானாக வேகம் பிடிப்பதைத்தான் தடுக்கும். இங்கே இஞ்சினைச் சுற்றியது சக்கரம். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. என் கணக்குப்படி அன்று 9000-ஐத் தாண்டியிருக்கும். அந்த வேகத்துக்கு ஸ்பிரிங்கால் வால்வை இழுத்துப் பிடிக்க முடியாது. கேம் இறங்கிய பிறகும் வால்வு அந்தரத்தில் நிற்கும், மேலே வரும் பிஸ்டன் போய் முட்டும்.

வீட்டுக்கு ஓட்டியே வந்துவிட்டேன். ஐடிலில் வண்டி குலுங்கியது, மேலே டிக் டிக் என்று ஒரு சத்தம். மறுநாள் ஊருக்குள் ஒரு பட்டறையில் விட்டேன். பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் மாற்றினார்கள். அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுக்கு மேலே இருக்கும் இடைவெளியை, செட் செய்தார்கள். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. குலுங்கல் நிற்கவில்லை. இஞ்செக்டர் நாலையும் மாற்றச் சொன்னபோதுதான் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் வந்தேன்.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை அன்றைக்குத்தான் செய்தேன். பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தேன். சிலிண்டர் 1, 2, 4 மூன்றும் 180 பிஎஸ்ஐ பக்கம். மூன்றாவது 70. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றித் திரும்பப் பார்த்தால் 75. பிஸ்டன் ரிங் போயிருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து, விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் சந்தேகம் வால்வு மேல்தான்.

எந்த வால்வு? பழைய பிளக்கைக் குடைந்து அதில் ஹோஸ் பொருத்தினோம். மூன்றாவது பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடியும் இடத்தில் மேலே நிறுத்தி, கியரில் போட்டு, பஞ்சர் கடைக் கம்ப்ரசரை வாடகைக்கு வாங்கிக் காற்று ஏற்றினோம். புகைக்குழாயில் சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். எங்களுக்குத் த்ராட்டில் பக்கம் 'புஸ்ஸ்' என்றது. இன்டேக் வால்வு.

வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியதும் கேள்வியே இல்லை. மூன்றாவது பிஸ்டனின் கரியில் பிறை மாதிரி இரண்டு வெட்டு.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி, லாரி ஹெட்டெல்லாம் பார்க்கும் ஒரு லேத்துக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஹெட்டை உரச்சாக்கில் கட்டி ஈரோடு பஸ்ஸில் ஏற்றினேன். "கிரைண்டர் கல்லுங்களா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல அலுப்பு.

லேத்துக்காரர் ஹெட்டைத் தொடவே இல்லை. நான் தனியாகத் துணியில் சுற்றி வந்த ராக்கர் செட்டைத்தான் (கேம் தள்ளும்போது வால்வை அழுத்தும் கைகள்) முதலில் எடுத்தார். "ஏந்தம்பி, இந்த ரெண்டு ஸ்க்ரூ மட்டும் ஏன் இவ்ளோ உள்ள எறங்கியிருக்குது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வளைந்த வால்வு முழுசாக மேலே ஏறி உட்காராது. அதனால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி கூடும். டிக் டிக் சத்தமே அதுதான். பட்டறையில் அந்த இடைவெளியை ஸ்க்ரூ இறக்கி அடைத்திருக்கிறார்கள். ஒரே சிலிண்டரில் மட்டும் ஏன் அவ்வளவு கூடியது என்று யாரும் கேட்கவில்லை. காசு கொடுத்து வண்டியை எடுத்துவந்த நானும்தான் கேட்கவில்லை.

"சத்தத்தை அமுத்திப்போட்டு நோவை உள்ளயே உட்டுட்டாங்க" என்றார்.

பதினாறு வால்வையும் கழற்றி ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினார். இரண்டு கண்ணுக்குத் தெரியவே துள்ளின. இன்னொன்று, நான் நல்லது என்று சத்தியம் செய்திருப்பேன், லேசாக ஆடியது. ஸ்பிரிங்குகளை மூலைமட்டத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்ததில் இரண்டு சாய்ந்து நின்றன. வால்வை மட்டும் மாற்றிப் பூட்டியிருந்தால் அடுத்த வாரமே திரும்பச் சாக்கைத் தூக்கியிருப்பேன். டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து மூன்று வால்வும் ஸ்பிரிங் முழு செட்டும் வர ஒன்பது நாள் ஆனது. ஒரு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) மாற்றி, வால்வு உட்காரும் சீட் வெட்டி, பேஸ்ட் போட்டுத் தேய்த்து, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வைத்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

பூட்டியது நாங்களே. போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக முறுக்கினோம். டைமிங் பெல்ட் புதுசு. கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் சாவியைத் தொடக்கூடாது. இந்த இஞ்சின் இடப்பக்கமாகச் சுற்றும், வழக்கம்போல வலப்பக்கம் சுற்றிவிடாதீர்கள். டேப்பெட் இடைவெளி இன்டேக் 0.18 முதல் 0.22 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27. இஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பதால் விடிகாலை ஐந்து மணிக்கு வைத்தோம்.

முதல் சாவியிலேயே பிடித்தது. நாலும் 180.

அப்புறம்தான் கியர் ஏன் தவறியது என்று தேடினேன். இஞ்சின் மவுன்ட் ரப்பர் ஒன்று கிழிந்து, வேகம் ஏறும்போது இஞ்சினே நகர்ந்திருக்கிறது. அதை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.