ஏறிய கியரிலேயே இறங்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் முதலில் பிடித்த ஸ்டியரிங், செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்து லோரியுடையது. பழக்கியவர் எங்கள் லயத்து மாமா ஒருவர். குன்றுச் சரிவுக்கு வந்ததும் ஒரே பேச்சுதான்: "மருமகனே, ஏறிய கியரிலேயே இறங்கு." கீழே வந்து நின்றதும் என்னை இறக்கி, சக்கரத்தின் பிரேக் டிரம்முக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோகச் சொல்வார். அனல் அடித்தால் அன்று எனக்குத் திட்டு.

இருபத்தாறு ஆண்டுகளாகச் சுற்றுலா பஸ் ஓட்டுகிறேன். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி இறங்குவதுதான் பெரும்பாலும் என் வேலை. சுமார் 1,500 மீட்டர் உயரம். இதைவிடப் பெரிய மலையில் இன்னொருவர் ஓட்ட, உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னைக் காரகோர மலைத்தொடருக்கு இழுத்துச் சென்றது. சீனாவின் தாஷ்குர்கானிலிருந்து குஞ்செராப் கணவாய் தாண்டிப் பாகிஸ்தானின் சோஸ்டுக்கு பஸ்ஸில் போனேன்.

அது பாகிஸ்தான் பஸ். ஸ்டியரிங் நம் ஊர் போல வலப்பக்கம். சீனாவிலோ சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். முன்னால் போகும் லாரியை முந்த எட்டிப் பார்த்தால் ஓட்டுநருக்கு மலைதான் தெரியும். இடப்பக்கக் கதவு நடுச்சாலையைப் பார்த்துத் திறக்கும். என் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியதும் அவர் சிரித்து, தமக்குப் பின்னால் இருந்த இருக்கையைக் கொடுத்தார். அகன்ற புல்வெளியில் ஏற்றம் மெதுவாகத்தான் வந்தது.

கணவாய் 4,693 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே அதிகம். எனக்குத் தலை வலித்தது. எஞ்சினும் இழுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. அங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் என் கண் ரேடியேட்டர் முள்ளை விட்டு அகலவில்லை. எல்லையைத் தாண்டியதும் பஸ் இடப்பக்கத்துக்கு மாறியது. சாலை என் பழக்கத்துக்குத் திரும்பியது; கடிகாரம் விலகியது. சீனாவில் நம் மலேசிய நேரமே இருந்தது, இங்கே மூன்று மணி நேரம் பின்னால்.

இறக்கம் தொடங்கும் முன்பே அவர் கியரைக் குறைத்துவிட்டார். நான் அங்கே போனது இதைப் பார்க்கத்தான். சோஸ்ட் வரை சுமார் 85 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்க வேண்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு. எஞ்சின் உறுமி உறுமி வண்டியைப் பிடித்து வைத்தது. பிரேக்கைத் தொட்டார், விட்டார், அழுத்தியே வைத்திருக்கவில்லை. விடாமல் அழுத்தினால் டிரம் சூடேறி, தேவைப்படும் நொடியில் பிடிக்காது. 1979இல் திறந்த இந்தச் சாலையை வெட்டியபோது ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள் என்கிறார்கள். காடு வெட்டிப் பாதை போட்டவர்களின் பேரன் நான். அந்தக் கணக்கை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

சோஸ்டில் இறங்கியதும் சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோனேன். வெதுவெதுப்புதான். அதைப் பார்த்த ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தட்டினார்.

2013இல் கெந்திங் மலைச்சாலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் நம் பையன்களுக்குப் போய்ச் சேர வேண்டிய நேரத்தைத்தான் சொல்லி அனுப்புகிறோம், இறங்கும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு ஆறாத கோபம் இது.

போன மாதம் புதிய பையன் ஒருவன் கேமரனிலிருந்து பஸ்ஸை இறக்கினான். நான் பக்கத்தில் இருந்தேன். சிம்பாங் பூலாயில் நிறுத்தி, "தம்பி, இறங்கி வா" என்றேன். சக்கரத்தருகே கை வைத்தவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். டிரம் ஆறும்வரை அரை மணி நேரம் நின்றோம். உள்ளே நாற்பது பேர் முணுமுணுத்தார்கள். அவனை அனுப்பாமல் நானே மேலே ஏறிக் காரணத்தைச் சொன்னேன்.