எண் மாறிய ஓடுபாதை

இன்று காலை அந்தச் சிறிய விமானத்தளத்தில் ஒருவர் ஓடுபாதை முனையில் குனிந்து, 08 என்ற எண்ணை அழித்துவிட்டு 09 என்று எழுதிக்கொண்டிருந்தார்.

பாதை நகரவில்லை. நகர்ந்தது காந்த வடக்கு!

இத்தனை நாளும் அதை வரிசை எண் என்றே நினைத்திருந்தேன். அது திசை. காந்தத் திசைகாட்டியில் 90 பாகை என்றால், கடைசிச் சுழியை விட்டுவிட்டு 09. மறுமுனை எதிர்த்திசை, 270 பாகை; அதனால் 27. பூமியின் வயிற்றில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருப்பதால் காந்த வடக்கு மெல்ல இடம்பெயர்கிறது. லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையமும் 2009-இல் இப்படித்தான் 05/23-ஐ 04/22 ஆக்கியது.

பக்கத்தில் புல் மூடிய இரண்டு பழைய பாதைகள், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களாக. இரண்டாம் உலகப் போர்க்காலத் தளங்கள் பலவற்றின் அமைப்பு அது. அன்றைய விமானங்களுக்குப் பக்கக்காற்று ஆகாது. எங்கிருந்து அடித்தாலும் அதற்கொரு பாதை வேண்டும்.

ஹெலிகாப்டருக்கு இந்தக் கவலை இல்லை, ஒரு வட்டமும் நடுவில் ‘எச்’ எழுத்தும் போதும் என்று எண்ணினேன்.

அப்போது ஒன்று வந்தது. நேராக இறங்கவில்லை. காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி, காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கியது.

பெயின்ட் அடித்தவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.